கூடம் கோணல்தான், ஐயா!

(எங்கள் ஊர் எழுவர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, கிளம்ப வேண்டும் என்று மூன்று முறை சொல்லிவிட்டு இன்னும் பெருந்தன்மையோடு அமர்ந்திருக்கிற சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அம்மா அவர்களே, கோப்பை வாங்கித் தந்த அரிசி ஆலை முதலாளி அவர்களே, பத்து நாளும் பையன்களுக்கு மோர் ஊற்றிய பெரியம்மா அவர்களே, ஒலிபெருக்கித் தம்பி, மண்ணில் உட்கார்ந்திருக்கும் என் வீரர்களே, எல்லோருக்கும் வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருடம் விட்டுப்போனவர் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வைத்து மூன்று செய்தி சொல்ல வந்தேன். ஒன்று, அது பிறந்த கதை. இரண்டு, தமிழ்நாடு ஏன் அதை ஒருமுறைகூட வெல்லவில்லை. மூன்று, பெண்கள் கால்பந்து.

சந்தோஷ் என்பது மகிழ்ச்சி இல்லை, ஓர் ஊர். இன்றைக்கு வங்கதேசத்தில் இருக்கிறது. அந்த ஊர் ஜமீனின் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரி நினைவாக வந்த கோப்பை இது. 1941-இல் மாநில அணிகளுக்கான போட்டி தொடங்கியது, முதல் கோப்பையை வங்காளம் தூக்கியது. 2024 டிசம்பர் 31 அன்று ஐதராபாத்தில் கேரளாவை 1-0 என்று வென்றபோது அவர்களுக்கு அது 33-ஆவது கோப்பை. அதற்காக வங்காளத்தை யாரும் அசைக்கவே முடியாது என்று நினைக்காதீர்கள். 1974-75-இல் ஜலந்தரில் நடந்த இறுதி ஆட்டத்தில் பஞ்சாப் அவர்களுக்கு ஆறு கோல் போட்டது. திருப்பி ஒன்றுகூட வாங்கவில்லை!

நாம்? 2012-இல் கட்டாக்கில் இறுதி ஆட்டம் வரை போனோம். சர்வீசஸ் என்கிற ராணுவத்தார் அணியிடம் 3-2 என்று தோற்றோம். இதைச் சொன்னால் என் மைத்துனர் உடனே எடுத்து விடுவார்: “ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.” அந்தப் பழமொழிக்கு இன்றைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அதே மைத்துனரோடுதான் 1992-இல் கோயம்புத்தூருக்குப் போனேன். கேரளாவுக்கும் கோவாவுக்கும் இறுதி ஆட்டம். வீட்டில் சொன்னது, மோட்டார் பம்புக்கு வாசர் வாங்கப் போகிறோம் என்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஒரு மாநிலமே இறங்கி வந்துவிட்டதோ என்று தோன்றியது. அவ்வளவு கூட்டம்! எனக்குப் பக்கத்தில் ஒலவக்கோட்டிலிருந்து வந்த டீக்கடைக்காரர். கடையைச் சாத்திவிட்டு, ஒரு பொட்டலம் நேந்திரங்காய் சிப்ஸோடு வந்திருக்கிறார். முதல் கோல் விழுந்ததும் பொட்டலத்தை என் மடியில் கொட்டினார். இரண்டாவது கோலுக்கு என் மைத்துனரைத் தூக்கினார். மைத்துனர் அப்போது 85 கிலோ! மூன்றாவது கோலுக்கு மூவரும் அழுதோம், எதற்கென்று கேட்காதீர்கள். 3-0. சத்யன் தலைமையில் கேரளா வென்றது. வெளியே வரும்போது டீக்கடைக்காரர் என் தோளில் கை போட்டு, “உங்க ஊரிலே பசங்க எங்கே களிக்கும்?” என்று கேட்டார், எங்கே விளையாடுவார்கள் என்று. சந்தைத் திடல் என்றேன். “சந்தை இல்லாத நாளிலா?” என்றார். வாயடைத்துப் போனேன். வாசர் வாங்க மறந்து, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அந்தக் கேரளாவும் முதல் கோப்பைக்கு 1973 வரை காத்திருந்தது. எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்றார்கள், மூன்று கோலையும் போட்டவர் கேப்டன் மணி. கர்நாடகம் மறுபடி கோப்பையைத் தொட 54 ஆண்டு காத்திருந்து 2023-இல் ரியாத்தில் மேகாலயாவை வென்றது. ஆகவே காத்திருப்பது கேவலம் இல்லை. ஆனால் எங்கே நின்று காத்திருப்பது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சரி, நான் நூல் பிடித்துப் பார்த்துவிட்டேன். நம் திடலில் கிழக்கு மூலை ஒன்றரை அடி பள்ளம். போன வருடம் பொருட்காட்சிக்கும் சர்க்கஸுக்கும் கூட்டங்களுக்குமாக 140 நாள் வாடகைக்குப் போனது, நாள்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். ராட்டினத்துக்குத் தோண்டிய குழியில் கால் மாட்டி எங்கள் கோல்கீப்பருக்குக் கணுக்கால் பிசகியது. இன்றைய இறுதி ஆட்டத்தில் அவன் வெளியே உட்கார்ந்து கைதட்டினான். இவள் ஆடத் தெரிந்தவள், ஐயா. கூடம்தான் கோணல்!

விழாத் தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பெண்கள் கால்பந்தைப் பற்றி அடுத்த வருடம் பேசுகிறேன். தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்பை நம் பெண்கள் 2018-இலும் 2023-இலும் வென்றுவிட்டார்கள் என்பதை மட்டும் ஆண் சிங்கங்கள் குறித்துக்கொள்ளட்டும்.

நகர்மன்றத் தலைவர் அம்மா, இதோ மனு. 412 கையெழுத்து. வருடத்தில் எட்டு மாதம் திடலை வாடகைக்கு விடக் கூடாது, பள்ளத்தை நிரப்பிப் புல் போட வேண்டும், இவ்வளவுதான் கேட்கிறோம். பொருட்காட்சிக்காகப் பிடுங்கிப் போட்ட பழைய கோல் கம்பங்கள் என் மாட்டுக்கொட்டகையில்தான் கிடக்கின்றன. இப்போது நட்டிருப்பது சவுக்குக் கட்டை. நாளைக் காலை ஒரு டிராக்டர் அனுப்பினால் போதும். டீசல் காசு நான் தருகிறேன்.