கூட இருப்பதிலேதான்!

நடுவர் அவர்களே, பங்கு மக்களே, வணக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமான திருவருகைக்காலத்துத் தன்னலமற்ற அன்பு விளங்குவது கொடுப்பதிலா, கூட இருப்பதிலா? கூட இருப்பதிலேதான் என்கிறது எங்கள் அணி.

எதிரணி அக்கா, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த ஞானியரின் பொன்னையும் தூபத்தையும் வெள்ளைப்போளத்தையும் காட்டினார். அக்கா, ஞானியர் வருவது கிறிஸ்துமஸ் கழிந்து வரும் திருக்காட்சி விழாவுக்கு. இந்த நான்கு வாரமும் வாசகத்தில் வருகிறவர்கள் வேறு ஆட்கள்.

மாதாவின் உறவினர் எலிசபெத்தம்மாளைப் பாருங்கள். வயதான காலத்தில் ஆறு மாதக் கர்ப்பிணி. நாசரேத்தில் மாதாவுக்குத் தம்முடைய கவலையே மலையளவு இருக்கிறது. இருந்தும் யூதேய மலைநாட்டுக்கு விரைந்து போகிறார். கையில் என்ன கொண்டுபோனார்? நற்செய்தியில் லூக்கா அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எத்தனை நாள் தங்கினார் என்பதை மட்டும் எழுதுகிறார்: ஏறக்குறைய மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் யார் தண்ணீர் சுமந்திருப்பார், யார் மாவு திரித்திருப்பார்? வீட்டுக்காரர் செக்கரியாவுக்கோ பேச்சே இல்லை. பேச்சுத்துணைக்கும் மாதாதானே?

'இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவரோடு பகிரட்டும்' என்று திருமுழுக்கு யோவான் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கியைக் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட முடியும். கொடுத்ததற்கு ரசீதும் உண்டு. கூட இருந்ததற்கு ஏது ரசீது? பிறக்கப்போகிற பிள்ளைக்கே 'இம்மானுவேல்' என்றுதானே பெயர்! கடவுள் நம்முடன் இருக்கிறார் என்று அர்த்தம். வானத்திலிருந்தே அள்ளிக் கொடுத்திருக்கலாம். அவரோ தம்மையே வெறுமையாக்கி, நம் நடுவில் வந்து இருந்தார்.

நம்ம கரையில் இதற்குச் சாட்சி தேட வேண்டாம். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தது. டிசம்பர் 3, திருவருகைக்கால முதல் ஞாயிறு. நம்ம குமரி மாவட்டத்தில் நீரோடி முதல் இரயுமன்துறை வரை, அந்தப் பக்கம் கேரளத்துப் பொழியூரிலும், கடலுக்குப் போனவர்களுக்காகக் கரையே காத்துக் கிடந்தது. தேட நம்ம ஆட்களே திரும்பவும் கடலில் இறங்கினார்கள். அரிசி வந்தது, போர்வை வந்தது. கொடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எங்க அம்மாவிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. புருஷன் திரும்பாத ஒரு அக்காவின் வீட்டுத் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். ஆறுதல் சொல்லவும் தெரியாது அவருக்கு. ராத்திரி கடலில் இன்ஜின் சத்தம் கேட்டால் ரெண்டு பேரும் எழுந்து ஓடுவார்கள். வேறு யாருடைய போட்டாகவோ இருக்கும். திரும்பி வந்து படுப்பார்கள். கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குக்கூட அம்மா எங்களோடு வரவில்லை.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும்போது அந்தத் திண்ணையை நினைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.