ஐந்தரைக் கட்டைக்கு எந்தக் கார்டு?

வணக்கம். டிசம்பர் வந்துவிட்டால் குன்னூர், கோத்தகிரி, உதகைப் பக்கம் கிட்டாருக்கு ஓய்வு கிடையாது. கேரல் குழு ஒருபுறம், மெல்லிசைக் கச்சேரி மறுபுறம். பாடுபவர் தன் சுதி "ஐந்தரைக் கட்டை" என்பார், எந்தக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடிப்பது என்று கிட்டார்காரர் விழிப்பார்.

கணக்கு எளிதுதான். ஆர்மோனியத்தில் 1 கட்டை என்பது மேற்கத்திய சுரம் சி. 2 டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. அரைகள் எல்லாம் கறுப்புக் கட்டைகள்: ஒன்றரை சி ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், இப்படி. மூன்றரை கிடையாது, 3க்கும் 4க்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை.

ஐந்தரையைப் பாட்டு முழுக்க பார் கார்டாக, அதாவது ஒரே விரலைக் கம்பிகளின் குறுக்கே வைத்து அமுக்குவது குளிரில் விறைத்த விரலுக்கு ஆகாது. கம்பிகளை மொத்தமாக அமுக்கும் கேப்போ கவ்வியைக் கழுத்தின் முதல் ஃபிரெட்டில் (கட்டத்தில்) மாட்டி ஜி, சி, டி, ஈ மைனர் பிடியுங்கள். கேட்பது ஐந்தரைக் கட்டைதான். ஆறரைக்கு அதே பிடிகள், கேப்போ மூன்றாம் ஃபிரெட்டில். ஒன்றரைக்கு முதல் ஃபிரெட்டில் மாட்டி சி பிடிக்கலாம், ஆனால் கூடவே பார் கார்டான எஃப் வந்து தொல்லை தரும். நான்காம் ஃபிரெட்டில் மாட்டி ஏ, டி, ஈ பிடிப்பதே சுகம். கேப்போ ஃபிரெட் கம்பியை ஒட்டிப் பின்னால் உட்கார வேண்டும். தள்ளி உட்கார்ந்தால் கம்பிகள் இழுபட்டுச் சுதி ஏறும். மாட்டிய பிறகு ஒருமுறை சரிபார்ப்பது கட்டாயம்.

சுதி என்றதும் நம் மலையின் குளிரைச் சொல்லியாக வேண்டும். அடிவார மேட்டுப்பாளையத்தில் சுதி சேர்த்த கிட்டாரை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகையில் மீட்டிப் பாருங்கள், ஏறியிருக்கும். குளிரில் இரும்புக் கம்பி சுருங்கி இறுகுகிறது; மூடுபனி ஈரத்தில் மரம் உப்பி இன்னும் கொஞ்சம் இழுக்கிறது. அதே கிட்டார் ஆள் நிறைந்த மண்டபத்துக்குள் போனதும் இறங்கும். ஆகவே பாடப்போகும் இடத்தில் பெட்டியிலிருந்து எடுத்து, கால் மணி நேரமாவது விட்டு, பிறகு சேருங்கள். கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் சாய்த்து வைக்காதீர்கள்.

ஏறிப்போன கம்பியைத் தேவைக்குக் கீழே தளர்த்திவிட்டு, கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் டியூனிங் பெக்கின் (முறுக்காணியின்) பல்லில் தொய்வு மிஞ்சி, நாலு மீட்டலில் மறுபடி இறங்கும். ஏற்றும்போது 'டிக்' என்று சத்தம் வந்தால் கம்பி, கழுத்து முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் சிக்குகிறது. கம்பியை விலக்கி, பள்ளத்தில் பென்சில் முனையைத் தேய்த்தால் வழுக்கும்.

கூட ஆர்மோனியம் இருந்தால் ஃபோன் ட்யூனரை மறந்துவிடுங்கள். ட்யூனர் ஏ-வுக்கு 440 ஹெர்ட்ஸ் என்று வைத்திருக்கும். பழைய ஆர்மோனியம் அதில் நிற்க வேண்டும் என்பதில்லை. ஆர்மோனியத்தின் ரீடை (ஒலிக்கும் நாக்கை) அங்கேயே மாற்ற முடியாது, கம்பியை மாற்றலாம். 6 கட்டையை அமுக்கச் சொல்லி ஐந்தாம் கம்பியை அதோடு சேர்த்து, மற்றதை அதிலிருந்து எடுங்கள்.

காது நல்ல காதாக இருப்பவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. ஈ மேஜர் பிடித்து, அதில் காந்தாரம் (கார்டின் மூன்றாம் சுரம்) ஒலிக்கும் மூன்றாம் கம்பி தேனாக இனிக்கும்வரை இறக்குவார்கள். உடனே சி கார்டு பிடித்தால் கசக்கும். ஃபிரெட் வாத்தியத்தில் மேஜர் கார்டின் காந்தாரம், இயற்கையான காந்தாரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். ஒரு கார்டுக்கு இனிக்க வைத்தால் மற்றவை கெடும். திறந்த கம்பிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துவிட்டு, கைவைக்காமல் விடுவதே நல்லது.

பாட்டில் ராகச் சாயல் இருந்தால் கார்டில் கவனம் வேண்டும். ஏ-யை ஆதார ஸட்ஜமாகக் கொண்டு கீரவாணி பாடும்போது ஈ மைனர் அடித்தால் பாட்டே சப்பென்றாகும். அங்கே வேண்டியது ஈ மேஜர், அதிலுள்ள ஜி ஷார்ப்தான் கீரவாணிக்கு உரிய காகலி நிஷாதம். சி-யில் மோகனம் என்றால் சி-யும் ஏ மைனரும் குற்றமில்லாதவை. ஜி கார்டில் உள்ள பி, மோகனத்தில் இல்லாத நிஷாதம். ஆறாம், இரண்டாம், முதல் கம்பிகளை மூன்றாம் ஃபிரெட்டில் அமுக்கி, ஐந்தாம் கம்பியை விரலால் அடக்கிவிட்டால் ஜி-யும் டி-யும் மட்டுமே கேட்கும். பஞ்சமமும் ரிஷபமும், பாடகருக்குத் தொந்தரவு இல்லை. நன்றி, வணக்கம்.