பாட்டிக்கும் ஒரு கடிதம் அனுப்புங்கள்

(சிங்கப்பூரில் ஒரு சமூக மன்றத்தில் நடந்த பெற்றோர் சந்திப்பில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்து நம்மைப் பெருமைப்படுத்தியிருக்கும் அடித்தள ஆலோசகர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, மழையையும் பொருட்படுத்தாமல் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் நாற்காலி போட்ட தொண்டூழியர்களுக்கும், பின்னால் வடையும் தேநீரும் தயார் செய்துகொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் தனி வணக்கம். உங்கள் உழைப்பில்தான் இப்படிப்பட்ட கூட்டங்கள் நடக்கின்றன.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். ஒன்று, பிள்ளையின் பள்ளி வருகையைப் பற்றி வீட்டுக்குத் தெரிய வேண்டியது. இரண்டு, பிள்ளையின் உடல்நலம். மூன்று, பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளையைத் தேர்ச்சி வரை கொண்டுசெல்வது. மூன்றுக்கும் அடிப்படை நம் பழமொழிதான்: சிறு துளி பெரு வெள்ளம்.

பொருளியல் என்றதும் வட்டியும் விலைவாசியும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால், 2019ல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரமர் மூவரும் பள்ளிக்கூட வாசல்வரை போனவர்கள். கிரமரும் எட்வர்ட் மிகெலும் கென்யாவில் 75 பள்ளிகளை எடுத்துக்கொண்டார்கள். சில பள்ளிகளில் முதலிலும் மற்றவற்றில் பின்னாலும் பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். மாத்திரை கிடைத்த பள்ளிகளில் பிள்ளைகள் மட்டம் போடுவது கால்வாசி குறைந்தது. வயிறு சரியாக இருந்தால் பிள்ளை வரும். காமராசர் பள்ளியில் மதிய உணவு போட்டபோதே நம் பெரியவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இரண்டாவது செய்தி இதோடு முடிந்தது. முதல் செய்திக்கு வருகிறேன், என் மனம் கிடப்பது அங்கேதான்.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் டாட் ராஜர்ஸ், ஏவி ஃபெல்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 28,000 குடும்பங்களுக்கு மேல் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தி 2018ல் வெளியிட்டார்கள். அதிகம் மட்டம் போடும் பிள்ளையின் பெற்றோரிடம் எத்தனை நாள் போகவில்லை என்று கேட்டால், உண்மையில் பாதியைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று மனதார நம்புகிறார்கள். உங்கள் பிள்ளை இத்தனை நாள் வரவில்லை என்று தபாலில் ஒரு கடிதம் போனது, ஆண்டுக்குச் சில முறை. கடிதம் போன வீடுகளில், அளவுக்கு மீறி விடுப்பு எடுக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அதே வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளின் வருகையும் கூடியது. வகுப்பிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு எழுதியதால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. தாய்மார்களே, இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்! ஒப்பிட வேண்டாம், கணக்கைச் சொன்னால் போதும். சிறு துளி பெரு வெள்ளம்.

உட்லண்ட்ஸில் நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்கப் போன ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. தொடக்கநிலை நான்கு படிக்கும் பையன். அம்மாவுக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அப்பா லாரி ஓட்டுகிறார். பையனை எழுப்பி, குளிப்பாட்டி, அனுப்புவதெல்லாம் பாட்டி. “அடிக்கடி லீவு போடுறானாம்மா?” என்று பாட்டியிடம் கேட்டேன். “நாலஞ்சு நாள் இருக்கும் தம்பி, வயித்துவலின்னு எம்சி வாங்கினோம்” என்றார், மருத்துவச் சான்றிதழைத்தான் சொல்கிறார். பிறகு எழுந்து போய், சாமி மாடத்தில் முருகன் படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மைலோ டின்னை எடுத்துவந்தார். உள்ளே பள்ளிக் கடிதங்கள், மடிப்புக் கலையாமல். “ஸ்கூல் கடுதாசி, தூக்கிப் போடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்கேன். படிக்கத்தான் தெரியல.” எல்லாம் ஆங்கிலம். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். பாட்டி விரல் மடக்கிக்கொண்டே வந்தார். இரண்டு கையும் போதவில்லை, மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினார். பேரனைக் கூப்பிட்டு, “இத்தனை நாளா ராசா?” என்றார், அவ்வளவுதான். திட்டவே இல்லை.

அப்புறம் செய்தார் பாருங்கள், அதுதான் ஆராய்ச்சி! மளிகைக் கடை கொடுத்த நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி, “ஒவ்வொரு நாளையும் சிவப்புல வட்டம் போடு தம்பி” என்றார். போட்டேன். பாதிக்கு மேல் திங்கட்கிழமை. பாட்டிக்கு உடனே விளங்கிவிட்டது: ஞாயிறு இரவு சித்தப்பா வீட்டில் சாப்பாடு, படுக்கும்போது நள்ளிரவு. அன்றே மகனுக்குப் போன் போட்டார். “இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானமே போயிட்டு வந்துருவோம்.” அந்தப் பருவம் முழுக்கத் திங்கட்கிழமைகளில் அவன் பள்ளியில் இருந்தான்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் 1991லிருந்து நம் பிள்ளைகளுக்காக உழைக்கிறது. நீண்டநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகளுக்காக 2018ல் அப்லிஃப்ட் என்ற அரசாங்கப் பணிக்குழு அமைந்தது. இவ்வளவு நல்ல ஏற்பாடும் பாட்டியின் மைலோ டின்னுக்குள் போய் அடங்கிவிடக் கூடாது. பிள்ளையை வளர்ப்பவர் தமிழ் மட்டும் படிப்பவர் என்றால், கணக்குத் தமிழில் போகட்டும். பெரிய எழுத்தில் நாலே வரி: பிள்ளையின் பெயர், இதுவரை வராத நாள்கள், யாரை அழைக்கலாம், ஒரு வணக்கம். தமிழும் படிக்கத் தெரியாதவர் என்றால் ஒரு தொண்டூழியர் போனில் சொல்லட்டும். எந்த மேடை ஏறினாலும் இதைத்தான் கேட்கிறேன், இனியும் கேட்பேன். சிறு துளி பெரு வெள்ளம்.

மூன்றாவது செய்தியையும் சொல்ல ஆசைதான். தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பிவிட்டார்கள், அடுத்து மாணவர் பரிசளிப்பு இருக்கிறது. வாசலருகே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். மாதம் ஒரு மாலை, தமிழில் பத்து வீடுகளுக்குப் போன் பேச முடிந்தவர்கள் பெயரும் எண்ணும் எழுதிவிட்டுப் போங்கள். பேனா அங்கேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.