பேய்ப் படத்தின் தாளக்கணக்கு

அவையோருக்கு வணக்கம்.

பேய்ப் படத்துக்கும் ராக் இசைக்கும் என்ன உறவு என்று கேட்டால் பெரும்பாலோர் டி-ஷர்ட்டைக் காட்டுவார்கள். மண்டையோடு, வௌவால், ரத்தம் சொட்டும் எழுத்து. அந்த உறவும் உண்டு. மிஸ்ஃபிட்ஸ் என்ற ராக் குழுவின் மண்டையோடு, 1946-இல் வந்த 'தி கிரிம்சன் கோஸ்ட்' தொடர்படத்தின் வில்லன் முகம். ஒயிட் ஸாம்பி குழு 1932-ஆம் ஆண்டுப் படத்தின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் 1975-இல் பேய்ப் பட நடிகர் வின்சென்ட் பிரைஸை அழைத்துத் தன் ஆல்பத்தில் பேச வைத்தார். இவையெல்லாம் மேலே தெரியும் சங்கதிகள். நான் எடுத்துக்கொண்டிருப்பது தாளமும் சுரமும். கேட்பவரின் காது ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கும்போது அதைக் கொடுக்காமல் விடுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

எல்லாரும் ஒரு கையைத் தொடையில் வையுங்கள். தகிட தகிட தக. மூன்று, மூன்று, இரண்டு. மொத்தம் எட்டு. உலகம் முழுக்கப் புழங்கும் தாளக்கட்டு இது. உடம்பு தானாக ஆடும். இப்போது கடைசியில் இன்னொரு 'தக' சேருங்கள். தகிட தகிட தக தக. பத்து. நாலைந்து சுற்று போடுங்கள். ஒவ்வொரு முறையும் முதல் 'தகிட' எங்கே விழும் என்று உடம்பு நினைக்கிறதோ, அதற்கு ஒரு 'தக' தள்ளித்தான் விழுகிறது, பார்த்தீர்களா? ஜான் கார்பென்டர் 1978-இல் எடுத்த 'ஹாலோவீன்' படத்தின் பியானோ இதுதான். மேற்கத்தியக் கணக்கில் ஐந்துக்கு நான்கு, அதாவது இரண்டிரண்டாக எண்ணினால் ஐந்து அடி. இசைப் பேராசிரியரான அவருடைய அப்பா, சிறுவயதில் பாங்கோ டிரம்மில் சொல்லிக்கொடுத்த அடி.

பியானோவில் சுரங்களும் கொஞ்சம்தான். சி ஷார்ப், எஃப் ஷார்ப் இரண்டும் மாறி மாறி வரும். கடைசி 'தக'வில் மட்டும் சி ஷார்ப்புக்குப் பதிலாக டி. பிறகு அமைப்பு முழுவதும் அரைச்சுரம் கீழே இறங்கும். இதைக் கீபோர்டில் வாசிப்பவர்கள் வழக்கமாக இரண்டு இடங்களில் கெடுக்கிறார்கள். சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்கும் சஸ்டெயின் பெடலை மிதித்தபடி வாசித்தால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழிந்து கணக்கு மறைந்துபோகும். பெடலைத் தொடவே வேண்டாம். இரண்டாவது, பத்து முடிந்ததும் தெரியாமல் ஒரு மூச்சு விடுவது. அந்த மூச்சு இரண்டு அடி எடுத்தால் பத்து பன்னிரண்டாகிவிடும். பன்னிரண்டில் யாரும் பயப்படுவதில்லை.

சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம் அது. பின்னணி இசை முழுவதையும் கார்பென்டர் மூன்று நாளில் முடித்தார். சின்தசைசரை இயக்கிக் கொடுத்தவர் டான் வைமன். இசை சேர்க்காமல் ஒரு ஸ்டூடியோ நிர்வாகிக்குப் படத்தைக் காட்டியபோது அவருக்குத் துளியும் பயம் வரவில்லை என்று கார்பென்டரே எழுதியிருக்கிறார். முகமூடிக் கொலைகாரனாக நடித்த நிக் காசில், கார்பென்டரோடு கூப் டி வில்ஸ் என்ற ராக் குழுவில் இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பிற்காலத்தில் கார்பென்டர் தன் மகன் கோடியோடும், கிங்க்ஸ் குழு டேவ் டேவிஸின் மகன் டேனியலோடும் மேடையேறி இதே இசையை வாசித்தார். ஆக, இந்தப் பக்கம் இயக்குநர், அந்தப் பக்கம் ராக் கலைஞர் என்று கோடு போட்டுப் பிரிக்கவே முடியாது.

கார்பென்டர் ஒரு 'தக'வைக் கூட்டினார் என்றால், ஐந்து வருடம் முன்பு இன்னொருவர் ஒன்றைக் குறைத்திருந்தார். மைக் ஓல்ட்ஃபீல்டின் 'டியூபுலர் பெல்ஸ்', 1973 மே மாதம் வெளியானது. வர்ஜின் நிறுவனத்தின் முதல் ஆல்பம். தொடக்கப் பியானோ 15 அடிச் சுற்று. பதினாறாவது அடியை எதிர்பார்க்கும் நேரத்தில் அடுத்த சுற்று ஆரம்பித்திருக்கும். அதே ஆண்டு 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு லாலோ ஷிஃப்ரின் எழுதிய இசையை இயக்குநர் ஃபிரீட்கின் தூக்கிப்போட்டுவிட்டு, இதில் ஒரு துண்டை எடுத்தார். எங்கே வைத்தார் என்பதைக் கவனியுங்கள். கட்டில் ஆடும் காட்சியில் இல்லை. இலையுதிர் கால மாலையில் பேய் பிடிக்கும் சிறுமியின் தாய் ஜார்ஜ்டவுன் தெருவில் வீட்டுக்கு நடந்துபோகிறாள், அவ்வளவுதான். ஒன்றுமே நடக்காத காட்சியில் தாளம் மட்டும் சரியாக இல்லை.

தாளம் போதும், சுரத்துக்கு வருவோம். பர்மிங்ஹாமில் 'எர்த்' என்ற பெயரில் வாசித்துக்கொண்டிருந்த நால்வர், ஒத்திகை இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் மாரியோ பாவாவின் 1963-ஆம் ஆண்டுப் படம் ஓடுவதைப் பார்த்தார்கள். போரிஸ் கார்லாஃப் நடித்த 'பிளாக் சபாத்'. பயப்படுவதற்கென்றே ஜனங்கள் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே என்று யோசித்தார்கள். பெயர் கிடைத்தது. ஒலியும் வேண்டுமல்லவா? பாஸ் கிட்டார் வாசித்த கீஸர் பட்லருக்கு இசையமைப்பாளர் ஹோல்ஸ்டின் 'மார்ஸ்' மீது ஆசை. அதை அவர் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் கிட்டார் வாசித்த டோனி அயோமிக்கு, குழுவின் பெயரையே கொண்ட முதல் பாட்டின் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, பிறந்தது என்பார்கள். 'மார்ஸ்' தாளமும் ஐந்துக்கு நான்குதான்!

ரிஃப்பில் மூன்றே ஒலிகள். ஜி, மேல் ஸ்தாயி ஜி, நடுவே இறங்கி சி ஷார்ப். ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். இங்கே கல்யாணி கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறீர்கள். பிரதி மத்யமத்தில் என்ன பயம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்யாணியில் ரிஷபமும் காந்தாரமும் படி போட்டுக் கொடுத்துக் காதைத் தயார் செய்துவிடுகின்றன. இங்கே படியே இல்லை. ஸட்ஜத்தை இரண்டு ஸ்தாயியில் ஊன்றிவிட்டு நேரே அந்த இடத்தில் குதிக்கிறார். குதித்த இடத்தில் சுரம் நடுங்குகிறது, பஞ்சமத்தை உரசுகிறது, ஆனால் பஞ்சமத்தில் போய் உட்காருவதில்லை. வேகமாக வாசித்தால் இந்த நடுக்கம் காணாமல் போகும். பாட்டைக் கெடுக்கும் குழுக்கள் பெரும்பாலும் பொறுமையில்லாமல்தான் கெடுக்கின்றன. ஸட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இந்தச் சுர இடைவெளியைத் திருச்சபை தடைசெய்திருந்தது என்று ஒரு கதை உலவுகிறது. ஆதாரம் கிடையாது, விட்டுவிடுங்கள்.

இன்னொரு தப்பான நம்பிக்கையும் உண்டு. அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலதுகை நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இழந்தவர். இடதுகைப் பழக்கக்காரர் என்பதால் கம்பியை அழுத்தும் கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் குப்பி செய்து, மேலே தோல் ஒட்டி, மெல்லிய பாஞ்சோ கம்பிகளை மாட்டி வாசித்தார். இதோடு சேர்த்து, முதல் ஆல்பத்திலேயே கம்பிகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிட்டார் என்பார்கள். தவறு. 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவான அந்த ஆல்பம் வழக்கமான ஈ சுருதியில் உள்ளது. மூன்று அரைச்சுரம் இறக்கியது 1971-இல், மூன்றாவது ஆல்பத்தில். முதல் பாட்டை சி ஷார்ப்புக்கு இறக்கி, அதே மெல்லிய கம்பியில் வாசித்துப் பாருங்கள். கம்பி தொளதொளத்து, மீட்டிய கணத்தில் சுருதி மேலே எகிறிப் பிறகுதான் கீழே வரும். ரிஃப் பயமுறுத்தாது, சிரிப்பு மூட்டும்.

இத்தாலிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 1977-இல் டாரியோ அர்ஜென்டோ 'சஸ்பிரியா' எடுத்தபோது, காப்ளின் என்ற ராக் குழுவின் இசை படப்பிடிப்பிலேயே ஒலிபெருக்கியில் அலறியது. இத்தாலியில் அன்று வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்பதே வழக்கம் என்பதால் இது சாத்தியமாயிற்று. நடிகர்கள் நடப்பதே அந்த இசைக்குள்தான். மணிபோல ஒலிக்கும் செலஸ்டா, மூக் சின்தசைசர், பூசூக்கி என்ற கிரேக்கத் தந்தி வாத்தியம். நம் ஊர்க் காதுக்கு உடனே பிடிபடும் தபலாவும் உண்டு, வாசித்தவர் பாஸ் கிட்டார்காரர் ஃபாபியோ பிக்னாதெல்லி. மேலே கிசுகிசுக் குரல்கள். தாலாட்டு மாதிரியான மெட்டுக்குள் அந்தக் குரல் 'சூனியக்காரி' என்று படத்தின் ரகசியத்தை முதலிலேயே போட்டுடைத்துவிடுகிறது. காப்ளினின் 1975-ஆம் ஆண்டு 'ப்ரோஃபோன்டோ ரோஸ்ஸோ' ஆல்பம்தான் அதிகம் பேசப்படுவது. என் ஓட்டு 'சஸ்பிரியா'வுக்கு.

கடைசியாக, 1979 ஜனவரி, இங்கிலாந்தின் வெலிங்பரோ. பௌஹவுஸ் என்ற புதுக்குழு, பெலா லுகோசி இறந்துவிட்டார் என்று ஒன்பதரை நிமிடப் பாட்டைப் பதிவு செய்கிறது. லுகோசி 1956-லேயே இறந்து, டிராகுலா அங்கியோடு புதைக்கப்பட்டவர். அவர் நடித்த 1931 'டிராகுலா'வில் பின்னணி இசை என்று அநேகமாக எதுவும் கிடையாது. தலைப்பின்போது 'ஸ்வான் லேக்' கொஞ்சம் ஒலிக்கும், பிறகு பெரும்பாலும் இரைச்சலும் பேச்சும்தான். அந்த வெறுமையைத்தான் இந்தப் பாட்டு வாங்கிக்கொண்டது. பீட்டர் மர்ஃபியின் குரல் வருவதற்கே மூன்று நிமிடம் ஆகிறது. அதுவரை இறங்கிக்கொண்டே இருக்கும் பாஸ், எக்கோ கருவிக்குள் போய்த் திரும்பித் திரும்பி வரும் ஸ்னேர் டிரம். எக்கோவை வைத்தே விளையாடும் ரெகே டப் இசையிலிருந்து கற்ற வித்தை அது.

இதை மேடையில் முயல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 60,000-ஐ உங்கள் வேகத்தால் வகுத்தால் ஓர் அடிக்கான மில்லி விநாடி கிடைக்கும். நிமிடத்துக்கு 120 அடி என்றால் 500. எக்கோவை அப்படியே 500-இல் வைத்தால் அது டிரம் அடியின் மேலேயே விழுந்து காணாமல் போகும். முக்கால் பங்கான 375-இல் வைத்தால் அடிகளுக்கு இடையில் விழும், தெளிவாகக் கேட்கும். எக்கோ எத்தனை முறை திரும்பி வரும் என்பதைத் தீர்மானிக்கும் ஃபீட்பேக் குமிழைப் பாதிக்குக் கீழே வைத்துத் தொடங்குங்கள். அதிகம் திருப்பினால் எக்கோ தன்னைத்தானே தின்று ஊளையிட ஆரம்பிக்கும். அப்போது பதறிப்போய் வால்யூமைக் குறைப்பார்கள். உள்ளே ஊளை தொடர்ந்து வளர்ந்துகொண்டிருக்கும், வால்யூமை ஏற்றியதும் முன்பைவிடப் பலமாக வரும். முதலில் கை போக வேண்டியது ஃபீட்பேக் குமிழுக்குத்தான்.