காரிருளில் வாசம்பண்ணுகிறவர் ஒளியாயிருப்பது எப்படி?

இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்: "'தேவன் ஒளியாயிருக்கிறார், அவரில் எவ்வளவேனும் இருளில்லை' என்கிறார் யோவான், தம் முதல் நிருபத்தில். 1 இராஜாக்கள் 8:12இலோ, 'காரிருளிலே வாசம்பண்ணுவேன் என்று கர்த்தர் சொன்னார்' என்கிறார் சாலொமோன். எதை நம்புவது, ஐயா?"

இரண்டையும் நம்பலாம், அம்மா. சாலொமோன் எந்த நேரத்தில் இதைச் சொல்கிறார் என்று பாருங்கள். புதிய ஆலயத்தை மேகம் நிரப்பிவிட்டது. ஆசாரியர்களால் உள்ளே நின்று ஊழியம் செய்ய முடியவில்லை. ஆலயத்துக்கு முன்பு இஸ்ரவேலர் தொழுத ஆசரிப்புக் கூடாரம் பற்றிப் பேசிய நாளில் சொன்னது நினைவிருக்கும். பிராகாரத்தில் சூரிய வெளிச்சம். பரிசுத்த ஸ்தலத்தில் ஏழு அகல்களுள்ள குத்துவிளக்கு. திரைக்கு அப்பால், மகா பரிசுத்த ஸ்தலத்தில்? அங்கே விளக்கு வைக்கச் சொல்லி ஒரு கட்டளையும் இல்லை. கிட்டே போகப்போக வெளிச்சம் குறைகிறது!

சாலொமோன் சொன்ன எபிரெயச் சொல் 'அராஃபெல்'. சீனாய் மலையில் ஜனங்கள் தூரத்தில் நிற்க, மோசே கிட்டிச் சேர்ந்தானே, அந்தக் 'கார்மேக'மும் இதே சொல்தான். 97ஆம் சங்கீதத்தில் 'மேகமும் மந்தாரமும்' என்கிறோமே, அந்த மந்தாரமும் இதுவே. ஆதியாகமம் 1:2இல் ஆழத்தின்மேல் இருந்த இருளுக்கு வேறு சொல், 'ஹோஷெக்'. நம் பழைய மொழிபெயர்ப்பு ஒரே சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்களைப் போட்டதால் இந்த உறவு நம் கண்ணில் படுவதில்லை.

யோவான் பேசுகிற இருள் இந்த அராஃபெல் அல்ல. அதே நிருபத்தில் கொஞ்சம் தள்ளிப் போனால் அவரே சொல்கிறார்: தன் சகோதரனைப் பகைக்கிறவன் இருளிலே நடக்கிறான். அது மனிதன் தன் செயலை மறைக்கத் தேடுகிற இருள். அராஃபெல், மனிதன் பட்டழியாதபடி தேவன் தம்மை மறைத்துக்கொள்கிற இருள். 'ஒரு மனுஷனும் என்னைக் கண்டு உயிரோடிருக்கக்கூடாது' என்று மோசேயிடம் சொன்னவர் அல்லவா அவர்?

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். என் தாத்தா கிராமத்து உபதேசியார். பகலில் எங்கள் வாசலை மிதித்தால் சொந்தக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்று பயந்த ஒருவர், ராத்திரியில்தான் வருவார். அவர் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டதும் தாத்தா எழுந்து அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கிவிடுவார். எனக்கு அப்போது கோபம் வரும். வேதம் பேச வருகிறவருக்கு விளக்கைத் தூண்டிவிட வேண்டாமா என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவர் முகம் தெருவுக்குத் தெரிய வேண்டாம்டா" என்றார். விளக்கு அணையவில்லை. வந்தவருக்காகத் தாழ்ந்தது. அராஃபெல் என்றால் எனக்கு அந்தத் திண்ணைதான்.

சகோதரி, நீங்கள் இன்னொன்றையும் கேட்டிருக்கலாம் என்று என் மனம் அடித்துக்கொள்கிறது. அவரில் இருளே இல்லையென்றால், இருட்டில் தம்மிடம் வந்த நிக்கொதேமு என்ற யூதத் தலைவனை இயேசு ஏன் விரட்டவில்லை? மனுஷர் 'ஒளியைப்பார்க்கிலும் இருளை விரும்புகிற' செய்தி யோவான் 3ஆம் அதிகாரத்தில், அவன் வந்த அந்த இரவின் பேச்சோடுதான் வருகிறது. ஆனால் 'பகலில் வா' என்று ஒரு வார்த்தை இல்லை. பத்து அதிகாரம் தள்ளிப் பாருங்கள். யூதாஸ் விருந்து நடந்த அறையிலிருந்து எழுந்து போகிறான். 'அப்பொழுது இராக்காலமாயிருந்தது' என்று நிறுத்துகிறார் யோவான். ஒருவன் இருளிலிருந்து வருகிறான், ஒருவன் இருளுக்குப் போகிறான். நான் எப்போதும் சொல்வதுதான், இப்போதும் சொல்கிறேன்: ஒருவன் எங்கே நிற்கிறான் என்று யோவான் பார்ப்பதில்லை, எந்தப் பக்கம் நடக்கிறான் என்று பார்க்கிறார்.

19ஆம் அதிகாரத்தில் நிக்கொதேமு திரும்ப வருகிறான். சீஷர்கள் பயந்து கிடக்கிற நேரம். அவன் கையில் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்த வாசனைப்பொருள், ஏறக்குறைய நூறு இராத்தல். அப்போதும் யோவான் அவனை, முன்பு ஒரு ராத்திரியில் வந்தவன் என்றே அடையாளம் சொல்கிறார். ஆனால் இந்த முறை சூரியன் இறங்கி ஓய்வுநாள் பிறக்குமுன் இயேசுவின் உடலை அடக்கம் செய்தாக வேண்டும். சூரியன் இன்னும் இறங்கவில்லை. அத்தனை பாரத்தையும் எல்லாரும் பார்க்கக் கொண்டுவருகிறான்.