அணைத்துப் போட்டால் மறையும் பிழை

நேயர்களுக்கு வணக்கம். பேச அழைத்த தருமபுரி வானொலிக்கு நன்றி.

கருவிகளுக்குள்ளே ஓடும் மென்பொருளில் பிழை தேடித் திருத்துவது என் வேலை. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளித் தோட்டங்களில் சொட்டுநீரைத் திறந்து மூடும் சின்னப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ரீஆர்டிஓஎஸ், ஜெஃபைர் மாதிரி ஒரு குட்டி இயங்குதளம் அதற்குள்ளும் ஓடலாம்.

2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது பலரும் கிடைத்த சிப்புக்கு மாறினார்கள். அப்படி மாற்றிய ஒரு பெட்டி என் மேசைக்கு வந்தது. ஈர உணரியின் வயர் அறுந்தால், உணரியைப் படித்துச் சொல்லும் மென்பொருள் துண்டான டிரைவர் ‘மைனஸ் ஒன்று’ என்று அனுப்ப வேண்டும். உடனே பெட்டி உணரியை விட்டுவிட்டு நேரக் கணக்குப்படி தண்ணீர் விட வேண்டும். பழைய ஏவிஆர் சிப்பில் அப்படித்தான் நடந்தது. புதிய ஆர்ம் சிப்பில் அந்த மைனஸ் ஒன்று 255 ஆகிவிட்டது. சி என்ற நிரல் மொழியில் ‘சார்’ (char) என்கிற 8 பிட் எண் வகை கழித்தல் குறியைத் தாங்குமா என்பது, நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலரின் விருப்பம். ஏவிஆரில் வழக்கமாகத் தாங்கும், ஆர்மில் தாங்காது. ஈரம் 255 என்றால் நிலம் ஊறிக் கிடக்கிறது என்று பெட்டி நினைத்துக்கொள்ளும். செடி வாடுகிறது, வால்வு திறக்கவில்லை, பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது.

‘255 வந்தால் மைனஸ் ஒன்று’ என்று ஒரு வரி சேர்த்து அனுப்பிவிடலாம். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. இதே மாதிரி ‘சார்’ என்று எழுதிய வரி இன்னும் எத்தனை டிரைவரில் ஒளிந்திருக்கிறதோ! குறியுள்ள 8 பிட் எண் என்று எல்லா இடத்திலும் வெளிப்படையாக எழுதினால் எந்த சிப்பிலும் அர்த்தம் மாறாது.

அப்புறம், நேரக் கணக்கில் வரும் பிழை. மில்லி நொடிகளை எண்ணும் 32 பிட் எண்ணி 49 நாள் 17 மணி நேரத்தில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். ‘இப்போதைய நேரம் கெடுவைத் தாண்டியதா’ என்று நேராக ஒப்பிட்டிருந்தால் அந்த இடத்தில் கணக்கு குழம்பும். தொடக்க நேரத்தைக் கழித்து, எவ்வளவு நேரம் கடந்தது என்று பார்த்தால் குழம்பாது. கரண்டு போய்ப் போய் வரும் தோட்டத்தில் எண்ணி ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதால் இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. சோலார் பேனல் போட்ட தோட்டத்தில்தான் மாட்டும். லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதுகிறவர்கள் இதற்கு ஓர் அருமையான வழி செய்திருக்கிறார்கள். 32 பிட் கணக்கில், எண்ணி நிரம்ப 5 நிமிடம் இருக்கும் நிலையிலிருந்தே தொடங்கும். பிழை இருந்தால் சோதனை மேசையிலேயே வெளியே வந்துவிடும்.

1997-ல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி தானாக மறுபடி மறுபடி ரீசெட் ஆனது. பூமியில் இருந்த அதே மாதிரிக் கருவியில் அந்தக் கோளாறை வரவழைத்துப் பார்த்துத்தான் பொறியாளர்கள் காரணத்தைப் பிடித்தார்கள். பிழையை வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அதனால் விவசாயிகளிடம் ஒரு வேண்டுகோள். பெட்டி நின்றுபோனால் உடனே அணைத்துப் போடாதீர்கள். அணைத்ததும் தடயம் அழிந்துவிடும். மணி என்ன, எந்த விளக்கு எரிகிறது, கடைசியாகக் கரண்டு போய் எத்தனை நாளாயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். திரையில் ஏதாவது எண் தெரிந்தால் போனில் ஒரு படம் எடுங்கள். அதன் பிறகு அணைத்துப் போட்டு, அந்தக் குறிப்பை மெக்கானிக்கிடம் கொடுங்கள்.