எத்தனை விமானம் என்று கேட்பதற்கு முன்

(குன்னூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். இந்த மழையிலும் குடையோடு வந்திருக்கிற பெரியவர்களுக்கும், பள்ளி முடிந்த கையோடு வந்திருக்கிற பிள்ளைகளுக்கும் நன்றி.

இருபது வருஷம் விமானப்படையில் தரையில் நின்று வேலை பார்த்தவன் நான். விமானி ஏறுவதற்கு முன் "இது பறக்கத் தகுந்தது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என் வேலை. ஊருக்கு வந்தால் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "நம்மகிட்ட எத்தனை விமானம் இருக்குங்க?"

எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறேன். நம் விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்டவை 42 போர் விமான ஸ்குவாட்ரன்கள். ஒரு ஸ்குவாட்ரனில் 16 முதல் 18 விமானங்கள். 1963இல் வந்த மிக்-21 போர் விமானம், 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. அதோடு நம் கையிருப்பு 29 ஸ்குவாட்ரனாகக் குறைந்தது. இந்தப் பள்ளம் எனக்கு உண்மையிலேயே கவலை. ஆனால் 29ஐப் பதினெட்டால் பெருக்கி, இதுதான் நம் பலம் என்று எழுதிவிடக் கூடாது.

நம் ஊர் பஸ் டிப்போவையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எத்தனை பஸ் நிற்கிறது என்பதா உங்களுக்கு முக்கியம்? விடிகாலையில் எத்தனை கிளம்பும் என்பதுதானே? பிரேக் வேலைக்காக நிற்கிற பஸ் யாரையும் கோத்தகிரியில் கொண்டுபோய் விடாது. சுகோய்-30 போர் விமானங்களைப் பற்றி 2015இல் தணிக்கைத் துறை சொன்னதும் இதைத்தான். நூற்றுக்கு 75 தயாராக இருக்க வேண்டிய இடத்தில் 55 முதல் 60 வரைதான் இருந்தன. உதிரிப் பாகம் வந்து சேராததுதான் பெரிய காரணம். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சீல் வளையம் இல்லாமல் முழு விமானம் கொட்டகையில் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். பக்கத்து விமானத்திலிருந்து கழற்றி மாட்டலாம். அப்புறம் அது நிற்கும்.

சரி, கிளம்பிவிட்டது. எவ்வளவு சுமையோடு கிளம்பியது? கீழேயிருந்து ஊட்டிக்கு வருகிறவர்கள் இங்கே அரிசி வேக நேரமாகிறது என்பார்கள். காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடுகிறது. லடாக்கில் உள்ள லே விமானத்தளம் ஊட்டியைவிட இன்னும் மேலே, 10,000 அடிக்கும் அதிக உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று லேசு. இறக்கைக்குத் தூக்கும் விசை குறையும், எஞ்சினுக்கு மூச்சு போதாது. ஆகவே குண்டையோ எரிபொருளையோ குறைத்துக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். சமவெளித் தளத்திலிருந்து அதே விமானம் முழுச் சுமையோடு எழும்பும். திபெத்தில் உள்ள சீனத் தளங்களுக்கும் இதே தொல்லைதான். வட எல்லையில் இரு பக்கப் பலத்தையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் இந்த உயரத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

அடுத்து, இலக்கில் அடிப்பது. 1999 கார்கில் போரில் மே 27, 28 ஆகிய இரண்டே நாளில் இரண்டு போர் விமானங்களையும் ஒரு ஹெலிகாப்டரையும் இழந்தோம். மலை உச்சியில் பதுங்கியிருக்கிறவனைச் சாதாரணக் குண்டால் உயரத்திலிருந்து அடிப்பது அவ்வளவு கடினம். ஜூன் 24 அன்று மிராஜ்-2000 போர் விமானம் டைகர் ஹில் என்ற மலை உச்சியில் லேசர் குண்டு போட்டது. விமானத்திலுள்ள கருவி இலக்கின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சும். அந்த ஒளி பட்டுத் திரும்புகிற புள்ளியைத் தேடிக் குண்டு இறங்கும். மிராஜ் நம்மிடம் ஏற்கெனவே இருந்த விமானம்தான். குண்டையும் கருவியையும் அதில் பொருத்தித் தயாராக்கியதில்தான் காரியம் இருந்தது.

இன்று தஞ்சாவூரில் 2020 முதல் ஒரு சுகோய் ஸ்குவாட்ரன் இருக்கிறது. அதன் ஆயுதம் பிரம்மோஸ் ஏவுகணை, இரண்டரை டன் எடை. ஒரு விமானம் வயிற்றடியில் ஒன்றைத்தான் சுமக்கும். கடலில் நெடுந்தூரம் போய் அடிக்கலாம். ஆனால் கப்பல் எங்கே என்று யார் சொல்வது? வழியில் எரிபொருள் தீர்ந்தால்? வானிலேயே எரிபொருள் கொடுக்கிற விமானங்கள் நம் படைக்குச் சொந்தமாக ஆறுதான். தூரத்தில் இருப்பதை வானிலிருந்தே கண்டுபிடித்துச் சொல்கிற, ஃபால்கன் ரேடார் சுமந்த பெரிய விமானங்கள் மூன்றே மூன்று. ரஃபேல் போர் விமானம் 36 என்று மனப்பாடமாகச் சொல்கிற பிள்ளைகள் இந்த ஆறையும் மூன்றையும் கூடவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மலை இறங்கினால் சூலூர். நம் நாட்டிலேயே கட்டுகிற தேஜஸ் போர் விமானம் முதலில் குடியேறிய போர்த்தளம் அது. 83 புதிய தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு 2021 பிப்ரவரியில் ஆர்டர் கொடுத்தோம். அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய எஞ்சின் தாமதமாகி, முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. நாமே கட்டுகிற விமானத்துக்கும் எஞ்சினுக்காக இன்னொரு நாட்டின் தொழிற்சாலையைப் பார்த்துக் காத்திருக்கிறோம். எனக்கு ஆறாத வருத்தம் அது.

பிள்ளைகளே, கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். லேயில் சுமை குறைகிற கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிறேன்.